ஆறு குழி, ஒரு பார்க், மூன்று தட்டு: கொழும்பில் டிஸ்க் கோல்ஃப் சரிவருமா?

ஜனவரி 14 – ஒரு வாசகரின் கேள்வி

கொழும்பில் யாரோ ஒரு பார்க்கில் டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு எறிந்து ஆடும் கோல்ஃப், விளையாடுகிறார்களாம். ஆறே ஆறு குழியாம், ஒன்றுகூட ஐம்பது மீட்டர் வராதாம். இதையெல்லாம் டிஸ்க் கோல்ஃப் என்று சொல்லலாமா? நான் மெல்பேர்னில் இரண்டு வருஷம் விளையாடியவன். 18 குழி வேண்டும், டிரைவர் என்ற தூரத்துத் தட்டை முழுக்கை வீச்சில் எறிய இடம் வேண்டும். இல்லாவிட்டால் அது சின்னப்பிள்ளைகள் தட்டெறிவதுதான். கொழும்பில் அதற்கு இடமே இல்லை. இருக்கிறது என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 14, இரவு

அந்த "யாரோ" நான்தான். வயது 51. வெள்ளவத்தை. சீனி வியாதிக்கு டொக்டர் நடக்கச் சொன்னதால் பார்க்குக்குப் போகத் தொடங்கியவள்.

டிசம்பரில் அக்காவின் மகன் ஸ்காபரோவிலிருந்து வந்தான். பெட்டியைத் திறந்தால் சொக்லேட்டுக்கும் விற்றமின் போத்தல்களுக்கும் நடுவில் மூன்று பிளாஸ்டிக் தட்டு. மாமி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டை இல்லாமல் இடியப்பத் தட்டை ஏன் கனடாவிலிருந்து காவிக்கொண்டு வந்தனி?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இடியப்பத் தட்டுத்தான்.

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு அவனையும் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்தி, இங்க கூடை இல்லை, பரவாயில்லை. மரத்துக்கு எறியலாம்" என்றான். ஆறு மரம் தெரிவு செய்தோம். முதலாவது 40 மீட்டர், ஆகத் தூரமானது 48. விளையாடி முடிக்க முக்கால் மணித்தியாலம். இரண்டு வருஷமாக அந்தப் பாதையில் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன், ஒரு நாளாவது இன்னொரு சுற்று போகலாம் என்று நினைத்ததில்லை. அன்று நான்தான் இரண்டாம் சுற்று கேட்டேன்.

எந்தப் பார்க் என்று எழுதமாட்டேன். எழுதினால் காவலாளி ஐயாவுக்குத்தான் சங்கடம்.

ஜனவரி 15

என்ன விளையாட்டு என்றே தெரியாது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கோல்ஃப் மாதிரித்தான். பந்தும் மட்டையும் இல்லை, தட்டு. ஒரு இடத்தில் நின்று எறிய வேண்டும். விழுந்த இடத்தில் அடையாளம் வைத்து அதன் பின்னால் நின்று மறுபடி எறிய வேண்டும். யாருடையது இலக்குக்கு ஆகத் தூரத்தில் கிடக்கிறதோ அவர் முதலில். கூடைக்குள் விழும்வரை எத்தனை எறி என்று எண்ணினால் அதுதான் புள்ளி, குறைந்தவர் வென்றவர். குழி என்று சொன்னாலும் நிலத்தில் குழி ஏதும் கிடையாது. இரும்புக் கம்பத்தில் ஒரு கூடை, அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் பட்டு வேகம் செத்துக் கூடைக்குள் விழும்.

மெல்பேர்ன் தம்பி கூடை இல்லாததையும் குறை சொல்லுவார் என்று நினைக்கிறேன். முதன்முதல் கோர்ஸ் என்று சொல்லப்படும் கலிபோர்னியா ஓக் குரோவ் பார்க்கில், 1975இல், கூடை இருக்கவில்லை. வெறும் கம்பம்தான் இலக்கு. எட் ஹெட்ரிக் என்பவர் செய்த ஏற்பாடு அது, ஃபிரிஸ்பீ கம்பனியில் இருந்த ஆள். பட்டதா படவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் வாய்த்தர்க்கம் வந்த பிறகுதான் சங்கிலிக் கூடை யோசனை வந்தது. எனக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. என் வீட்டுக்காரரும் நானும் "மரத்தில பட்டது", "இலையில பட்டது" என்று பட்ட பாடு போதும்.

ஜனவரி 17

"டிரைவர் இல்லாமல் என்ன டிஸ்க் கோல்ஃப்" என்று தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். சரி, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான்.

மூன்று தட்டில் ஒன்று மொத்த விளிம்பு, ஒன்று நடுத்தரம், ஒன்று கத்தி மாதிரி விளிம்பு. முறையே பட்டர், மிட்ரேஞ்ச், டிரைவர். வெண்ணெய் பட்டர் இல்லை, கோல்ஃபில் கடைசியாக உருட்டும் அந்தப் பட்டர். சில கம்பனிகளின் தட்டுகளில் நான்கு எண் அடித்திருக்கும். ஏவியார் என்ற பட்டருக்கு 2, 3, 0, 1. லெப்பர்ட் என்ற மெது டிரைவருக்கு 6, 5, -2, 1. டெஸ்ட்ரோயர் என்ற பெரிய டிரைவருக்கு 12, 5, -1, 3. முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது வேகமாகப் போகும்போது எந்தப் பக்கம் சாயும், நான்காவது வேகம் குறையும்போது எவ்வளவு மடங்கி விழும்.

வேகம் 12 என்றால் 12 மடங்கு தூரம் போகும் என்று நினைத்து அவனுடைய டிரைவரை முதல் நாளே பிடுங்கினேன். அந்த எண் தட்டு தருகிற வேகம் இல்லை, தட்டு கேட்கிற வேகம். அவ்வளவு வேகத்தை என் தோள் கொடுக்காது. எறிந்ததும் இடப்பக்கம் சரிந்து, நடைபாதையில் ஒரு அங்கிளின் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. அங்கிள் அதைக் குனிந்து பார்த்து, என்னையும் பார்த்து, சுற்றிக்கொண்டு போனார். அந்த விளிம்பு காலில் பட்டிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆக, ஆட்கள் நடமாடும் பார்க்கில் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பட்டர் மட்டும் போதும். என் முடிவு அது. டிரைவர் அலுமாரியில் கிடக்கிறது.

ஜனவரி 17, சற்றுப் பின்

கடற்கரையில் எறியும் ஃபிரிஸ்பீ போதாதா என்று கேட்டவருக்கு: தொடங்கலாம், தப்பில்லை. அல்டிமேட் என்ற குழு விளையாட்டின் தட்டு 27 சென்ரிமீட்டர் அகலம், 175 கிராம். கோல்ஃப் தட்டும் கிட்டத்தட்ட அதே பாரம்தான், அகலம் 21 அளவில். அதே பாரம் சின்ன வட்டத்தில் இருப்பதால் இறுக்கமாக வரும். அதைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள், ஒதுங்குங்கள்.

ஜனவரி 20 – திருத்தம்

மன்னிக்கவும். 40 மீட்டர், 48 மீட்டர் என்று எழுதியது பிழை. காலடியை எண்ணித்தான் எழுதினேன். ஒரு அடி ஒரு மீட்டர் என்று யார் எனக்குச் சொல்லித் தந்தது என்று தெரியவில்லை. நேற்று இவர் தையல் நாடாவால் கயிறு அளந்து கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார். முதலாவது 25 மீட்டர். ஆகத் தூரமானது 31. என் காலடி அறுபத்து மூன்று சென்ரிமீட்டர் சொச்சம்.

தம்பி சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஜனவரி 28

எறிகிற விதம் பற்றிக் கேட்டவருக்கு. எனக்கு மூன்று வாரம் பிடித்தது இதற்குத்தான்.

கையை வட்டமாகச் சுழற்றக் கூடாது. தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே நேர்கோட்டில் இழுத்து, கடைசியில் மணிக்கட்டைச் சட்டென்று விட வேண்டும். அக்காவின் மகன் ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்லிப் பார்த்தான், மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் பல்கனிக் கொடியில் போட முதல் ஈரத் துவாயை உதறினேன், டப் என்று சத்தம் வந்தது. அதுதான்! உதறும்போது கை முழுக்க வேகமாகப் போவதில்லை. நுனியில் மட்டும்தான் வேகம். துவாய் உதறத் தெரிந்த எல்லோருக்கும் இது வரும். இவருக்கு வராததற்குக் காரணமும் விளங்கிவிட்டது.

இரண்டாவது, மூக்கு. தட்டின் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு போனால் அது வடிவாக எழும்பி, நடுவானத்தில் நின்று, காலடியிலேயே வந்து விழும். பட்டம் மாதிரிப் போகிறதே என்று நான் ரசித்துக்கொண்டிருந்த எறிகள் எல்லாம் பிழையான எறிகள். பூசைத் தட்டை ஏந்துவதுபோல் மட்டமாகப் போக வேண்டும்.

வலக்கைக்காரர் குறுக்கே இழுத்து எறிந்தால் வேகம் குறையும்போது தட்டு இடப்பக்கம் மடங்கும். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். அக்காவின் மகன் இடக்கை. எங்கள் மூன்றாம் குழி இடப்பக்கம் வளைந்த பாதை. எனக்குத் தட்டு தானாகவே திரும்பி மரத்தடிக்குப் போகும், அவன் புதருக்குள் தேடிக்கொண்டிருப்பான். ஸ்காபரோக்காரனை நான் வென்ற ஒரே குழி அது. அவன் திரும்பிப் போய்விட்டான், தட்டு மூன்றையும் விட்டுவிட்டுப் போனான்.

பெப்ரவரி 9

பட்டர் குளத்துக்குள் போய்விட்டது. ஐந்தாம் குழி. காலையிலிருந்து மனம் சரியில்லை.

பெப்ரவரி 11

கிடைத்துவிட்டது. பல தட்டுகள் தண்ணீரில் தாழும் என்று இப்போது தெரியும். அன்று குளத்தோரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பச்சைத் தேத்தண்ணி நிறம். அக்கரையில் ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கும் யோசனை அத்தோடு முடிந்தது. விதிப்படி தொலைந்த தட்டைத் தேட மூன்று நிமிஷம்தான். நான் அரை மணித்தியாலம் நின்றேன்.

இன்று காலை போனால், குளத்துச் சல்வீனியாக் களையை வாரிக் கரையில் போடுகிற மனிதர் இரும்பு வாரியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் சேறு வழிய வழிய என் ஆரஞ்சுத் தட்டு. "நோனா, மே பிங்கான நோனாகெத?" பிங்கான் என்னுடையதுதான் என்றேன். கழுவித் தரட்டுமா என்றார். தெரு முனையில் இரண்டு பிளேன்டீயும் கிம்புலா பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு இந்தத் தட்டு என்று கேட்டார். என் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். நீண்ட நேரம் யோசித்து, "சல்லிக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முகத்தில் ஏமாற்றம்.

ஐந்தாம் குழியை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டோம். இப்போது குளம் முதுகுக்குப் பின்னால்.

பெப்ரவரி 25

"காலிமுகத்திடலில் அவ்வளவு வெளி இருக்கே" என்று எழுதியவருக்கு: போய்ப் பார்த்தோம். கடற்காற்றை எதிர்த்து எறிந்தால் தட்டு வலப்பக்கம் புரண்டு மேலே ஏறிவிடுகிறது. காற்றோடு எறிந்தால் அமுங்கி நிலத்தில் குத்துகிறது. குறுக்குக் காற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். அதோடு பட்ட நூல், பந்து, இறால் வடை வண்டில், பிள்ளைகள். நாலு எறியோடு நிறுத்தி இறால் வடை சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்த வகையில் வெற்றிதான்.

விகாரமகாதேவிப் பூங்காவைச் சொன்னவருக்கு: நிழலும் மரமும் அருமை. ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடை, குடைக்குள் இரண்டு பேர். தட்டு குடைக்குள் போனால் எடுக்க நீங்கள் போவீர்களா?

மார்ச் 3

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் குழிக்கு நாங்கள் வைத்திருந்தது ஒரு அரலியா மரம். நல்ல தடித்த மரம், நடுவில் நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். இன்று தட்டை எடுக்கப் போனபோதுதான் கிட்டப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் பிறைபிறையாகப் பதினைந்து இருபது வெட்டு. புதிய வெட்டிலிருந்து பால் கசிந்து பட்டை வழியே இறங்கிக்கொண்டிருந்தது. பழையவை காய்ந்து, ஒட்டிய பசை மாதிரி மஞ்சளாக இருந்தன. எல்லாம் எங்கள் தட்டு. பட்டர்தானே, மொத்த விளிம்புதானே என்று எழுதியிருந்தேன். மரத்துக்கு அது மொத்தம் இல்லை.

இனி மரத்துக்கு எறிவதில்லை. ஜனவரி 14இல் மரம் போதும் என்று நான் எழுதியதைப் பார்த்து யாராவது தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

மார்ச் 17

கூடை செய்வது என்று முடிவு. இவர் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய்ச் சங்கிலியும் சைக்கிள் ரிம் ஒன்றும் வாங்கி வந்தார். ரிம்மைச் சுற்றிப் பத்துச் சங்கிலி, கீழே சலவைக்கூடை. நடுக்கம்பத்துக்கு ஒரு ஜீஐ குழாய். குழாயை நிறுத்த 20 லீற்றர் பெயின்ற் வாளியில் கொங்கிறீற். படம் பிறகு போடுகிறேன், காய வேண்டும்.

மார்ச் 19

காய்ந்துவிட்டது. தூக்க முடியவில்லை.

கொங்கிறீற் ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 2.4 கிலோ. வாளி நிறைய ஊற்றினால் 48 கிலோ. அரைவாசி ஊற்றியிருந்தாலே 24. நான் 58 கிலோ. ஓட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு லொறி பிடியுங்கோ" என்று போய்விட்டார். இவர் வாளியைப் பார்ப்பதே இல்லை. மாமி அதன்மேல் துளசிச் சட்டியை வைத்துவிட்டார். பல்கனியில் இப்போது அது நிரந்தரம்.

மார்ச் 19, இரவு

இவர் சொன்னதைப் பதிய வேண்டுமாம்: "உண்மையான கோல்ஃப் என்றால் 1879இல் தொடங்கின றோயல் கொழும்பு. மைதானத்துக்கு நடுவால களனிப் பள்ளத்தாக்கு றெயில் போகும். உன்ர விளையாட்டில றெயில் இருக்கா?" இல்லை. கபரகொய்யா இருக்கிறது.

மார்ச் 31

கம்பம் வேண்டாம், தொங்கவிடலாம் என்று தோன்றியது. மாரா மரத்தின் தாழ்ந்த கிளையில் பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாகச் சுற்றி, அதன் மேல் கயிறு போட்டு ரிம்மையும் கூடையையும் தொங்கவிட்டோம். கிளைக்குக் காயமில்லை. மொத்தப் பாரம் ஆறு கிலோ, ஒரு உரப்பைக்குள் அடங்கும். குழிக்குக் குழி ஒரு கூடை இல்லாததால் ஒரே கூடையை நடுவில் விட்டு, ஆறு வெவ்வேறு இடத்திலிருந்து எறிகிறோம். மணிக்கூட்டு முள் மாதிரிச் சுற்றி வருவது. இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்: எறிகிற திசையை நாங்களே தீர்மானிக்கலாம், நடைபாதைப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

சங்கிலிச் சத்தம்! மரத்தில் பட்டால் தொப் என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். இதில் விழுந்தால் அம்மன் கோயிலில் சலங்கை குலுக்கினதுபோல் இருக்கிறது. முதல் தட்டு விழுந்தபோது நடந்துகொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி ஐயாவும் திரும்பிப் பார்த்தார். வந்தார். விளம்பரமா என்று கேட்டார். இல்லை. காசு சேர்க்கிறீர்களா? இல்லை. ஏழரைக்கு முன் கழற்றிவிட வேண்டும், போயா தினத்தில் வேண்டாம் என்றார். சரி என்றோம். போகும்போது ஒரு தட்டைக் கேட்டு எறிந்தார். முதல் எறியே கூடைக்குள். எனக்கு ஒரே எறியில் மரத்தில் படவே பத்து வாரம் எடுத்தது.

ஏப்ரல் 2

ஹெட்ரிக் என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறீர்கள். 2002இல் காலமானார். அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள், அவருடைய ஆசைப்படி. மாமிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தியேட்டிக்குக் கடலில எதைக் கரைச்சவை?" என்று கேட்டார்.

ஏப்ரல் 20

மெல்பேர்ன் தம்பிக்கு.

புதுவருஷ லீவில் அக்காவின் மகனோடு வீடியோவில் கதைத்தேன். ரொறன்ரோவில் ஈ.ரி. சீற்றன் பார்க்கில் நின்றான், 18 குழிக் கோர்ஸ். போனை நண்பனிடம் கொடுத்துவிட்டு ஒரு டிரைவரை எறிந்து காட்டினான். தட்டு முதலில் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, நெடுகப் போய், பிறகு மறுபக்கம் மடங்கிப் புல்லில் அமர்ந்தது. நீட்டி எழுதிய ஒரு எழுத்து மாதிரி. அந்த முழு வளைவை நான் ஒரு நாளும் என் தட்டில் பார்த்ததில்லை. 31 மீட்டரில் அது வராது. தட்டு தன் பாட்டைத் தொடங்க முதலே என் கோர்ஸ் முடிந்துவிடுகிறது. நீங்கள் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஜனவரியில் எழுதியபோது எனக்கு அது தெரியாது, தெரிந்ததுபோல் எழுதினேன்.

மற்றப் பாதி சரியில்லை. அவனிடம் நேற்றுக் கேட்டேன், "ஒரு சுற்றில எதில கூடப் புள்ளி போகுது?" என்று. யோசிக்காமல் சொன்னான்: "கிட்ட நின்று எறியிறதில, சித்தி." கூடையிலிருந்து பத்து மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால், எறிந்த பிறகு முன்னால் தடுமாறி விழக் கூடாது, அடையாளத்துக்குப் பின்னால் நிலையாக நிற்க வேண்டும் என்பது விதி. என் விளையாட்டில் பாதிக்கு மேல் அந்த வட்டத்துக்குள்தான் நடக்கிறது. முழங்கால் நோவோடு ஒற்றைக் காலில் நிலையாக நிற்பது பற்றி அவனுக்கு நான் வகுப்பு எடுக்கலாம். (எடுத்தேன். போனை வைத்துவிட்டான்.)

இடமே இல்லை என்று நீங்கள் சொன்னதற்கு: டிரைவருக்கு இடமில்லை. பட்டருக்கு இருக்கிறது.

ஏப்ரல் 21

தம்பி பதில் எழுதியிருக்கிறார், யூலையில் வருகிறாராம், தன் தட்டுகளோடு. டிரைவரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அல்லது மாமியிடம் கொடுங்கள், துளசிச் சட்டிக்குக் கீழ்த்தட்டு தேடுகிறார்.

மே 19

இரண்டு கிழமையாக மழை. புல் சொதசொதவென்று கிடக்கிறது, தட்டு கையில் வழுக்குகிறது. சிறு துவாய் ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

இன்று காலை அரை மணித்தியாலம் விட்டது. நானும் சல்வீனியா வாரும் மனிதரும் மட்டும். அவருக்கு மிட்ரேஞ்சைக் கொடுத்தேன், அவர் வாரி பிடிக்கும் கை, தட்டு பலகை மாதிரி நேராகப் போகிறது. நாலாம் இடத்திலிருந்து 29 மீட்டர். நான் எறிந்தது கூடையில் பட்டு வெளியே தெறித்து நின்றது. இரண்டாவது எறியில் முடித்தேன், எனக்கு அங்கே அது முதல் தடவை. அவரும் இரண்டில் முடித்தார். சமன். அவர் கூடைக்குள் கைவிட்டு இரண்டு தட்டையும் எடுத்து, தன் சேட்டில் துடைத்து என்னுடையதை நீட்டிவிட்டு, "சல்லிக்கு விளையாடலாமா?" என்றார். பிளேன்டீக்கு விளையாடலாம் என்றேன். அதற்குள் மறுபடி இருண்டுவிட்டது. நாளை ஆறேகாலுக்கு மிச்சம்.